நாய் கூப்பிட்டால் எழும்புகிறவன்

1

என் இரத்தத்தில் சீனி குறைந்திருக்கிறது. போன கிழமை எங்கள் குடும்ப வைத்தியர் கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டி, "உங்கள் நாய்க்கு என்னுடைய பாராட்டைச் சொல்லிவிடுங்கள்" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் மனிதர் பொய் சொல்லவில்லை. அவரும் என் மனைவி சுபாவும் எத்தனையோ வருடம் நட, நட என்று தொண்டை வற்றக் கத்தியும் சோபாவை விட்டு அசையாதவன் நான். ஒரு நாய் வந்து படுக்கையறைக் கதவைப் பிறாண்டியதும் எழும்பி நடக்கத் தொடங்கிவிட்டேன்.

வைத்தியருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்து காரில் ஏறினேன். ஏறியும் காரை எடுக்காமல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். எனக்கு என்னவோ பரீட்சையில் பக்கத்து வாங்குப் பிள்ளையைப் பார்த்து எழுதிப் பரிசு வாங்கினவன் மாதிரி இருந்தது. இலங்கையில், வன்னியின் ஜெயபுரத்தில் இருக்கிற என் அக்காவுக்கும் இதே நீரிழிவு வருத்தம்தான். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே சீனி. எனக்கு நடக்க ஒரு நாய் கிடைத்தது. அவவுக்குக் கிடைத்தது நான்.

2

நாயின் பெயர் ஒலிவர். வாங்க வேண்டும் என்று அடம்பிடித்தது மகள் ஆரணி. காலையும் மாலையும் தானே நடத்திக்கொண்டு போவதாகச் சத்தியம் பண்ணினாள். நானும் சுபாவும் ஊரில் நாய் வளர்த்தவர்கள்தான். ஆனால் அங்கே நாய் வளர்ப்பது என்றால் மிச்சச் சோற்றைப் பின்கதவால் வைப்பது. அது தன் பாட்டில் நடக்கும், தன் பாட்டில் வரும். நாயைக் கயிற்றில் கட்டி உலாத்துகிற வேலை எங்களுக்குப் புதிது.

ஒலிவருக்கு நகரசபையில் பதிவு எடுக்க வேண்டியிருந்தது. பிறந்த மாதம், நிறம், ஊசி போட்ட விபரம் எல்லாம் கேட்டார்கள். ஒரு கிழமையில் கழுத்துத் தகடு தபாலில் வந்துவிட்டது. நான் இந்தக் கனடாவில் இருக்கலாம் என்று ஒரு கடதாசி தருவதற்கு எத்தனை வருடம் எடுத்தார்கள், எத்தனை பேருக்கு முன்னால் எத்தனை தடவை ஒரே கதையைச் சொல்ல வைத்தார்கள் என்று எனக்குத் தெரியும். சுபா அந்தத் தகட்டைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "குடுத்து வைச்ச நாய்" என்றாள்.

ஆரணி பல்கலைக்கழகத்துக்கு வேறு நகரம் போனாள். சத்தியமும் அவளோடு போய்விட்டது, நாய் எங்களோடு நின்றுவிட்டது. இப்போது தொலைபேசி எடுத்தால் முதலில் ஒலிவர் சாப்பிட்டானா என்று கேட்பாள். நாங்கள் சாப்பிட்டோமா என்ற கேள்வி சில நாள் வரும், சில நாள் வராது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இந்த வீட்டில் தமிழில் சொன்னால் தமிழனாய் நடந்துகொள்வது நாய் மட்டும்தான். "வாடா" என்றால் வரும், "இரடா" என்றால் இருக்கும்.

ஒவ்வொரு விடியலும் அது கதவைப் பிறாண்டும். எழும்பாவிட்டால் கம்பளம் நாசமாகும், ஆகவே எழும்புவேன். பூங்காவில் எனக்கு வணக்கம் சொல்கிற வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி இருக்கிறாள். நாயின் பெயர் அவளுக்குத் தெரியும். என் பெயரைக் கேட்டதில்லை. நான் ஒலிவரின் அப்பா.

3

போன வருட ஆடி மாதம் ஊருக்குப் போனேன். அக்காவை வீடியோவில் அடிக்கடி பார்ப்பதுதான். ஆனால் வீடியோவில் அவ காட்டியது முகத்தை மட்டும்.

ஜெயபுரத்து வெயிலில், வீட்டுக்குள்ளே, அக்கா காலுறை போட்டுக்கொண்டு நின்றா. எனக்கு அது விசித்திரமாகப் பட்டது. கேட்டதற்கு, "சும்மா, குளிருது" என்றா. ஆடி மாதத்தில் வன்னியில் குளிர். மருமகள் தர்சினி, அக்காவின் மகன் ரூபனின் மனைவி, குசினிக்குள் அடுப்படியில் நின்று என்னைப் பார்த்தாள், பிறகு குனிந்துகொண்டாள். பின்னேரம் அவளிடம்தான் உண்மை வந்தது. இடது காலில் சின்ன விரலை எடுத்திருக்கிறார்கள். ஒரு முள் குத்தியது அக்காவுக்குத் தெரியவேயில்லையாம். காலில் உணர்ச்சி குறைவு. புண் பெருத்த பிறகுதான் கண்டிருக்கிறார்கள்.

"மாமாட்டைச் சொல்லக் கூடாதெண்டு மாமி சத்தியம் வாங்கினவா" என்றாள் தர்சினி. "சீனியைக் குறைக்காட்டி அடுத்தது காலெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். புண் ஆறீட்டுது, இனி மூடின சப்பாத்தைக் காலிலை போட்டு ஒவ்வொரு நாளும் நடக்கச் சொன்னவர். மாமி நடந்தாத்தானே."

நான் அக்காவிடம் போய் ஒரு பேச்சுப் பேசினேன். கனடாவில் நான் நடக்கிறேன், இப்படி நடக்கிறேன், அப்படி நடக்கிறேன், உங்களுக்கென்ன வருத்தம் என்று. நாயைப் பற்றிச் சொல்லவில்லை. அக்கா கதிரையில் இருந்து பொறுமையாகக் கேட்டா.

"நடக்க வேண்டிய நடையெல்லாம் நான் நடந்து முடிச்சிட்டன் தம்பி" என்றா.

கடைசிச் சண்டையில் இந்த வீட்டில் இருந்து வெளிக்கிட்டு, ஒவ்வொரு ஊராக விட்டுவிட்டு முல்லைத்தீவுக் கடற்கரை வரைக்கும் நடந்தவ. அத்தானை வழியில் சாகக் கொடுத்துவிட்டு, ரூபனைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தவ. அந்த நாட்களில் நான் கனடாவில், சூடாக்கி போட்ட அறையில், தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தேன். அவவுக்கு நான் நடையைப் பற்றி வகுப்பு எடுக்கிறேன்.

பிறகு முற்றத்தைச் சுற்றிப் பார்த்தேன். குழாய்க்கிணறு, மோட்டர், குசினிக்குள்ளே தண்ணீர்க் குழாய். வாசலில் ஸ்கூட்டி. எல்லாம் நான் அனுப்பியவை. மீளக் குடியேறின காலத்தில் அக்கா பொதுக்கிணற்றில் இருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டு வந்தவ. வயலுக்குச் சைக்கிளில் போனவ, சில நாள் நடந்தும் போனவ. பாவம், அக்கா இனிமேல் கஷ்டப்படக் கூடாது என்று ஒவ்வொன்றாக அனுப்பினேன். அனுப்பின ஒவ்வொன்றும் அவவின் நடையில் ஒரு துண்டை வெட்டியிருக்கிறது. வெளிநாட்டில் இருக்கிற எங்களுக்கு அன்பு காட்டத் தெரிந்த ஒரே வழி, இருக்கிறவர்களை எழும்பவிடாமல் செய்வதுதான்போல. அதை அங்கே நின்று பார்த்தபோது வெட்கமாக இருந்தது.

4

அடுத்த நாள் பின்னேரம் நான் பரிசாகக் கொண்டுபோன சப்பாத்தை அக்காவுக்குப் போட்டுவிட்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன்.

இருபது அடி போயிருக்க மாட்டோம். பரமேசு அண்ணை, எங்கள் பக்கத்து வளவுக்காரர், மோட்டர் சைக்கிளை மறித்து நிறுத்தினார்.

"எங்கை போறியள்?"

"சும்மா நடக்கிறம் அண்ணை."

"சும்மாவோ?" என்று எங்கள் சப்பாத்துகளைப் பார்த்தார். "ஸ்கூட்டி பழுதோ? ரூபன் எங்கை? ஏறுங்கோ, கொண்டுபோய் விடுறன்."

"ஒரு இடத்துக்கும் போகேல்லை அண்ணை, நடக்கத்தான் வந்தனாங்கள்."

அவர் நம்பவில்லை. முகத்தைப் பார்க்கவே தெரிந்தது. அவர் போக, இன்னொரு பெடியன் நிறுத்தினான். அவனுக்குப் பிறகு லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஒரு குடும்பம். எல்லாருக்கும் ஒரே கேள்வி, எல்லாரும் ஏறச் சொன்னார்கள். ஏறாவிட்டால் அவர்களுக்கு மனம் நோகிறது. கடைசியில் கடைக்காரர் கடைக்குள் இருந்தே சத்தம் போட்டுக் கேட்டார், "என்ன, வெளிநாட்டுத் தம்பி வந்து நிக்கேக்கையும் அக்கா நடந்தே திரியிறா?"

திரும்பி வீட்டுக்கு வந்தபோது ரூபன் வாசலில் நின்றான். முகம் சரியில்லை. அவனிடம் மூன்று பேர் கேட்டுவிட்டார்களாம், வீட்டில் ஏதும் பிரச்சினையோ, அம்மாவும் மாமாவும் கோவித்துக்கொண்டு போனார்களோ என்று.

அக்கா சப்பாத்தைக் கழற்றித் தட்டிப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை அலுமாரிக்குள் வைத்தா.

"பாத்தியே? இஞ்சை ஆரும் சும்மா நடக்கேலாது" என்றா. "புருசன் இல்லாதவள், பின்னேரத்திலை, சப்பாத்துப் போட்டுக்கொண்டு எங்கை போறாளெண்டு கேக்க மாட்டினமே? கேக்கிறது பிழையுமில்லை. ஏதும் நடந்திட்டால் ஓடி வாறதும் அதே ஆக்கள்தான்."



5

வழி காட்டியது ஆரணி. காட்டுகிறேன் என்று தெரியாமல் காட்டினாள். நான் திரும்பிக் கனடாவுக்கு வெளிக்கிடுவதற்கு இரண்டு நாள் முன்பு, பின்னேரம் வீடியோவில் வந்தாள். அக்கா வீட்டுக்குள் சாதாரண போன் கோல் ஒருமாதிரி வரும். வீடியோ என்றால் முகம் உறைந்து நின்றுவிடும். குளக்கட்டில் ஏறினால்தான் நல்ல சிக்னல். "வாங்கோ அக்கா, கட்டுக்குப் போவம்" என்று போனைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அக்காவும் வந்தா.

பரமேசு அண்ணை எதிரே வந்தார்.

"எங்கை போறியள்?"

"தம்பியின்ரை பிள்ளை கனடாவிலையிருந்து எடுக்கிறா அண்ணை. கதைக்கப் போறம்" என்றா அக்கா.

"ஆ, போங்கோ போங்கோ" என்று மோட்டர் சைக்கிளை ஓரமாக எடுத்து வழிவிட்டார். ஏறச் சொல்லவில்லை. கடைக்காரரும் கையை ஆட்டினார். நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

நாங்கள் குளக்கட்டில் ஏறி நிற்க, ஆரணி திரையில் நாயைக் காட்டினாள். பல்கலைக்கழக விடுமுறைக்கு வந்து, நான் இல்லாத நேரம் அவள்தான் நடத்திக்கொண்டிருந்தாள். அக்கா போனைக் கண்ணுக்குக் கிட்ட வைத்து அதன் கழுத்துப் பட்டியையும் கயிற்றையும் பார்த்தா.

"இதோ நீ நடக்கிறன் நடக்கிறன் எண்டது? நாய் இழுக்க நீ போறதோ?"

"ஓம் அக்கா" என்றேன். வேறு என்ன சொல்ல.

"பேரென்ன?"

"ஒலிவர்."

"அது மனிசருக்கு வைக்கிற பேர். நான் ஜிம்மி எண்டுதான் கூப்பிடுவன்." அப்படியே குளக்கட்டில் நின்று, "டேய் ஜிம்மி!" என்று ஊர் கேட்கக் கூப்பிட்டா. கனடாவில் நாய் காதை உயர்த்தியது. அக்கா சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது.

அங்கேயே பேசி முடித்தோம். எனக்கு விடிகிற நேரம் அவவுக்கு வெயில் தாழ்கிற நேரம். நான் நாயோடு வெளிக்கிட்டதும் எடுப்பேன். அவ சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கட்டுக்கு வருவா. கட்டின் இந்தத் தொங்கலில் இருந்து அந்தத் தொங்கலுக்கும் திரும்பவும் நடந்தபடி கதைப்போம். ஊருக்குச் சொல்லக் காரணம் இருக்கிறது, தம்பியோடு கதைக்கப் போறன்.

6

அது நடந்தது. உண்மையாகவே நடந்தது. புரட்டாசியும் ஐப்பசியும் ஒரு நாளும் பிசகவில்லை. அக்கா மூச்சு வாங்கிக் கதைப்பது முதலில் கேட்டது, பிறகு அது குறைந்தது. மழை வந்தால் குடையோடு வந்தா. கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி சீனியைப் பார்த்துவிட்டு, என்ன மருந்து மாத்தினீங்களோ என்று கேட்டாவாம். அக்கா, "இல்லை மிஸ்ஸி, கனடாவிலை ஒரு நாய்" என்றாவாம். மிஸ்ஸிக்கு விளங்கியிருக்காது.

கதைப்பதற்கு எங்களுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. சாப்பிட்டியோ, பயிர் எப்படி, காலைக் கழுவித் துடைத்தியளோ, ஜிம்மி எங்கே, காட்டு. அவ்வளவுதான். ஆனாலும் இத்தனை வருடத்தில் நானும் அவவும் இவ்வளவு கதைத்ததில்லை.

மார்கழியில் ஆரணி விடுமுறைக்கு வந்தாள். வந்ததும், "அப்பா, நீங்க நித்திரை கொள்ளுங்க, நான் ஒலிவரை வோக்குக்குக் கொண்டுபோறன்" என்றாள். தமிழில் சொன்னாள், அதனாலேயே எனக்கு மனம் உருகிவிட்டது. வெளியே பனி முழங்கால் அளவுக்குக் கிடந்தது. நாய் அவள் அறைக் கதவைப் பிறாண்டத் தொடங்கியது. என் கதவுக்கு வரவில்லை.

நான் நித்திரை கொண்டேன்.

முதல் நாள் அக்காவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன், சரியான குளிர், பிறகு எடுக்கிறன் என்று. பிறகு எடுக்கவில்லை. இரண்டாம் நாளும் அதே செய்தி. மூன்றாம் நாள் செய்தியும் அனுப்பவில்லை. கண் விழிப்பேன், அங்கே வெயில் தாழ்கிற நேரம் என்று தெரியும், போர்வையை இழுத்து மூடுவேன். மறந்துபோனேன் என்று எழுதினால் எனக்கு மரியாதையாக இருக்கும். மறக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைச் சாப்பாடு முடிந்து ஆறுதலாக இருந்தபோது மனம் உறுத்தியது. அங்கே பொழுது பட்டிருக்கும். அக்காவுக்கு எடுக்க முகம் இல்லாமல் தர்சினிக்கு எடுத்தேன்.

"மாமி குளிச்சுக்கொண்டு நிக்கிறா மாமா" என்றாள். "இப்பதானே கதைச்சனீங்கள், என்ன விசேஷம்?"

"இப்பவோ?"

"குளக்கட்டிலை நிண்டு கதைச்சவா. பரமேசு அண்ணை வந்து சொன்னவர், அங்கை சரியான பனியாம், நீங்கள் ஜிம்மிக்கும் சப்பாத்து வாங்கினியளாமே?" அவளுக்குச் சிரிப்பு.

நான் ஒலிவருக்குச் சப்பாத்து வாங்கவில்லை.

"பிள்ளை, அக்கா இந்தக் கிழமை ஒவ்வொரு நாளும் கட்டுக்குப் போனவாவோ?"

"ஓம் மாமா. ஒரு நாளும் விடேல்லை. நீங்கள்தானே எடுத்தனீங்கள்."

அக்கா குளித்து முடித்து வந்து போனை வாங்கினது கேட்டது. குசினியை விட்டு முற்றத்துக்குப் போகிற சத்தமும் கேட்டது.

"அக்கா, நான் எடுக்கேல்லையே" என்றேன்.

"தெரியும்."

"பின்னை ஆரோடை கதைச்சனீங்கள்?"

"வெறுங்காதோடை போனா ஏத்திக்கொண்டு போடுவாங்களடா. போனைக் காதிலை வைச்சுக்கொண்டு போனா ஒருத்தரும் மறிக்காயினம்."

"என்ன கதைச்சனீங்கள்?"

"என்னத்தைக் கதைக்கிறது. சாப்பிட்டியோ எண்டு நான் கேப்பன். ஓம் எண்டு நீ சொல்லுவாய். காலைத் துடைச்சியளோ எண்டு நீ கேப்பாய், ஓமெண்டு நான் சொல்லுவன். சிரிக்கவும் வேணுமே, சனம் பாக்குது. ஜிம்மியைப் பற்றிச் சொல்லிச் சிரிச்சனான்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். ஒரு விரலை இழந்த காலோடு, மார்கழி ஈரத்தில், குளக்கட்டில், சத்தமே இல்லாத போனில் என் பங்கையும் தானே கதைத்துக்கொண்டு ஒரு பொம்பிளை நடந்திருக்கிறா. நாய்க்கு எழும்புகிறேன். அக்காவுக்கு எழும்பவில்லை. இதற்கு நல்லதாக ஒரு விளக்கம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், இல்லை.

"நாளைக்கு எடுக்கிறன் அக்கா. கட்டாயம் எடுக்கிறன்."

"ஓம் ஓம்" என்றா.

7

அடுத்த நாள் கதவை ஒருவரும் பிறாண்டவில்லை. நானே எழும்பினேன். ஒலிவர் ஆரணியின் கட்டிலடியில் படுத்திருந்து ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. கயிறு கொளுவியில் தொங்கியது. பெரிய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு தனியே வெளிக்கிட்டேன்.

நாய் இல்லாமல் அந்த ரோட்டில் நான் நடந்தது அன்றுதான் முதல் தடவை. ஒரு வீட்டுத் திரைச்சீலை விலகியது. கார் ஒன்று என்னைக் கடக்கும்போது வேகத்தைக் குறைத்தது. பூங்கா வாசலில் அந்தப் பெண் தன் நாயோடு நின்று என்னை மேலும் கீழும் பார்த்து, "ஒலிவர் எங்கே? எல்லாம் சரிதானே?" என்று கேட்டாள். இங்கேயும் ஆரும் சும்மா நடக்க முடியாது. நான் போனை எடுத்துக் காட்டி, அக்காவோடு கதைக்கப் போகிறேன் என்றேன். அவள் தலையை ஆட்டி வழிவிட்டாள்.

அக்காவின் எண்ணை அழுத்தினேன். அடித்தது. நெடுநேரம் அடித்தது. எடுத்தபோது பின்னால் மோட்டர் சைக்கிள் உறுமுகிற சத்தம், ஒரு ஆம்பிளை வாய்விட்டுச் சிரிக்கிற சத்தம்.

"உனக்கு இப்பவே எடுக்க வேணும்?" என்றா அக்கா. மூச்சு வாங்கியது.

"ஏனக்கா, என்ன நடந்தது?"

"பரமேசு அண்ணை முன்னுக்கு நிக்கிறார். நான் உன்னோடை கதைச்சுக்கொண்டு நிக்கிறன். ஜிம்மிக்குச் சப்பாத்துக் கடிக்குதாம் எண்டு சொல்லிக்கொண்டிருக்கேக்கை, காதுக்கை வைச்ச போன் பிள்ளையார் பாட்டுப் பாடுது. மானம் போச்சு."

அவவும் சிரித்தா. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பனியில் நின்று, நாயும் இல்லாமல், தனியாகச் சிரித்தேன். பரமேசு அண்ணை ஏதோ சொல்லிக்கொண்டு போகிற சத்தம் தேய்ந்தது. பிறகு அவவின் சப்பாத்துச் சத்தம் மட்டும் கேட்டது.

"எடுப்பனெண்டு நேற்றுச் சொன்னனான்தானே அக்கா. கொஞ்சம் பொறுத்திருக்கலாமே."

அக்கா நடந்துகொண்டே சொன்னா, "சொன்னனீதான் தம்பி. நான் நம்பேல்லை."